செத்த டோக்கன்

அன்புள்ள மகனே என்று ஆரம்பிக்க இன்றைக்கு மனம் வரவில்லை. நேற்று சாயங்காலம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாய். வைப்பதற்கு முன்னால் நீ சொன்னது இது: “யம்மா, உனக்கு கிளாஸ்ரூம் தெரியும், கம்பெனி தெரியாது. இதுல தலையிடாத.” பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த காலமெல்லாம் கணினியின் சி மொழி நடத்தி ஓய்வுபெற்றவளிடம், அதே சி மொழியில் சம்பாதிக்கிற மகன் சொல்கிறான். சரி, கம்பெனி எனக்குத் தெரியாது. சுட்டி, அதாவது பாயிண்டர், எனக்குத் தெரியும். நீ செய்திருப்பது கம்பெனி விவகாரம் இல்லை, சுட்டி விவகாரம். அதனால் தலையிடுகிறேன்.

எங்கள் பாலிடெக்னிக்கின் பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். “டீச்சர், இப்ப வார பிள்ளைகளுக்கு சுட்டின்னாலே வயித்தக் கலக்குது, லேசா புரியுத மாதிரி ஒரு கட்டுரை எழுதித் தாங்க” என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைதான் இது. பிள்ளைகளுக்குப் பதிலாக உன்னைப் பார்த்து எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பாடம் இப்போது உனக்குத்தான் தேவைப்படுகிறது. உன் பெயரையும் உன் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியட்டும். மலர் அச்சாகி வர நாளாகும். உனக்கு இன்றைக்கே அனுப்புகிறேன். திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, உன்கீழ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வேலையில் நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறீர்கள். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். அந்தப் பெண்ணை இங்கே இசக்கி என்றே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வகுப்புக்கு இரண்டு மூன்று இசக்கி இருப்பார்கள், யாரென்று எவருக்கும் பிடிபடாது. உனக்குப் பிடிபடும். என்னிடம் படித்தவள். அவளை உன்னிடம் சேர்த்துவிட்டதும் நான்தான்.

முதல் பாடத்திலிருந்து வருகிறேன், பொறுமையாகக் கேள். தச்சநல்லூரில் உன் அப்பாவின் இரும்புக்கடை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆணி, திருகு, கீல் எல்லாம் சுவர் முழுக்க டப்பாக்களில் இருக்கும்; ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். யாராவது வந்து இரண்டு அங்குல ஆணி கேட்டால் உன் அப்பா நாற்காலியை விட்டு எழமாட்டார். முகவாயை மட்டும் அசைத்து, “அங்கன” என்பார். வந்தவர் விழித்தால் ஒரு துண்டுத்தாளில் டப்பாவின் எண்ணை எழுதி நீட்டுவார். என் வகுப்பில் சுட்டி என்றால் அந்தத் துண்டுத்தாள்தான். அதில் ஆணி இல்லை. ஆணி இருக்கும் இடம் இருக்கிறது. தாளைச் சுவரில் அடிக்க முடியாது. அதைப் பத்துப் படி எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் ஆணி பத்து மடங்கு ஆகிவிடாது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் போய் டப்பாவில் ஆணிக்குப் பதிலாகத் திருகைக் கொட்டிவிட்டால், மற்ற ஒன்பது பேரின் தாளும் அப்போதே திருகைக் காட்டும். அவர்கள் தாளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துச் சொல்லச் சொல்வேன். கையை நீட்டி “அங்கன” என்றால் சுட்டி. தன் நெஞ்சில் கையை வைத்து “இங்கன” என்றால் மதிப்பு, அதாவது அந்த ஆணியே. வகுப்பே சிரிக்கும், ஆனால் பரீட்சையில் ஒருவரும் அதைத் தப்பாக எழுதியதில்லை. நீயும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அங்கன, இங்கன என்று எனக்கு நடித்துக் காட்டியவன்தான்.

அடுத்தது கணினியின் நினைவகத்தில் இட ஒதுக்கீடு. நிரல், அதாவது புரோகிராம், ஓடிக்கொண்டிருக்கும்போது இடம் தேவைப்பட்டால் கேட்டு வாங்கலாம். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு நான் சொன்ன உதாரணமும் உன் அப்பாவை வைத்துத்தான், அவருக்கு இதில் வருத்தம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக நாம் ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் நின்றோம். பேருந்து திரும்பும்போதே உன் அப்பா ஓடிப்போய் ஜன்னல் வழியாக அவருடைய துண்டையும் என் பையையும் உன் சட்டையையும் போட்டு நமக்கு இடம் பிடித்தார். அப்போது பார்த்து உன் பெரியப்பாவின் கார் வந்தது. பையையும் சட்டையையும் எடுத்தார், துண்டை மறந்தார். பேருந்து அந்தத் துண்டோடு அம்பாசமுத்திரம் வரை வந்திருக்கிறது. அதே பேருந்தில் நின்றுகொண்டே வந்த உன் அத்தை, கல்யாண வீட்டில் அதை நீட்டினாள்: “யண்ணே, உம்ம துண்டு சொகமா உக்காந்து வந்துச்சு. நாந்தான் கால் கடுக்க நின்னு வந்தேன். எடுத்துட்டு உக்காருவோம்னா, ஆளு டீ குடிக்கப் போயிருக்காவ, வந்துருவாவன்னு கண்டக்டரு எடுக்க வுடல.” நினைவகக் கசிவு என்பது இதுதான். யாரும் உட்காராத இடம், யாருக்கும் கிடைக்காத இடம். ஒரு துண்டு என்றால் ஒருத்தி நின்றுகொண்டு வருவாள். நிறுத்தத்துக்கு ஒரு துண்டு விழுந்துகொண்டே போனால் பேருந்தே ஓடிப் பயனில்லை.

மூன்றாவது பாடத்துக்கு உதாரணம் உன் சித்தப்பா. அந்தக் கதையில் நீயும் இருக்கிறாய், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சித்தப்பா அப்போது தினமும் ஜங்ஷன் சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போவார். வண்டியை விடும்போது எண் போட்ட தகர டோக்கன் ஒன்றைக் கொடுப்பார்கள்; அந்த எண்ணுள்ள இடத்தில் வண்டி நிற்கும். எடுக்கும்போது டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் ஸ்டாண்டுகார அண்ணாச்சி யாரிடமோ பேச்சு மும்முரத்தில், “எடுத்துட்டுப் போம்வே” என்று கையை மட்டும் காட்டியிருக்கிறார், டோக்கனை வாங்கவில்லை. அது சித்தப்பாவின் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்னொரு நாள் வண்டியை விட்டுவிட்டு, திரும்பி வந்தவர் கைக்கு வந்த டோக்கனைக் கொடுத்தார். அது பழையது. டோக்கன் தொலைந்துவிட்டது என்று அண்ணாச்சி அதே எண்ணுக்குப் புது டோக்கன் போட்டு வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். அந்த எண்ணில் ஒரு கறுப்பு சைக்கிள் நின்றது, இவருடையதும் கறுப்பு சைக்கிள்தான். ஏறி மிதித்து நம் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வண்டியின் சொந்தக்காரர் ஸ்டாண்டுகார அண்ணாச்சியோடு நம் வாசலில் நின்றார்.

“என்னவே, உம்ம வண்டியில பின்சீட்டு இருந்துச்சா? இதுல எம் பொண்டாட்டி ஒக்காருததுக்கு மெத்தை தச்சுப் போட்டிருக்கேன். அதுகூடவா தெரியாம மிதிச்சீரு?”

“மெத்தையா இருக்கேன்னு நெனச்சேன்” என்றார் சித்தப்பா. “ஸ்டாண்டுல போட்டுக் குடுத்திருப்பாவளோன்னு.”

“போட்டுக் குடுப்பாவ. முறுக்கும் காப்பியும் குடுப்பாவ.”

அண்ணாச்சி சித்தப்பாவின் மேல் பாய்ந்தார். “தப்பான டோக்கனைக் குடுத்தது நீரு. உம்ம கையிலதான் வண்டி பிடிபட்டிருக்கு. எம்மேல என்ன இருக்கு?” எல்லாரும் அதை ஒத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. வண்டி நம் வாசலில் நிற்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? அப்போது கல்லூரி முதல் வருடத்தில் இருந்த நீ பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தாய். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. “அண்ணாச்சி, வண்டி வெளிய போன அன்னைக்கே நீங்க டோக்கனை வாங்கியிருந்தா அது எங்க சித்தப்பா பையில எப்படிக் கிடக்கும்? இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டீங்க. டோக்கன் செத்துப் போச்சுன்னு சித்தப்பாகிட்ட யாரு சொன்னா?” மெத்தை வண்டிக்காரர் சிரித்தார்: “செத்த டோக்கனா? இவன் வக்கீலுக்குப் படிக்கானா?”

அன்றைக்கு என் வகுப்பில் விடுவித்த, அதாவது திருப்பிக் கொடுத்துவிட்ட, இடத்தைக் காட்டும் சுட்டிக்குச் செத்த டோக்கன் என்று பெயர் வைத்தேன். பாடப்புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. என் பிள்ளைகள் வேலைக்குப் போன இடமெல்லாம் இந்தப் பெயரைத்தான் கொண்டுபோனார்கள். ‘டீச்சர், இங்க ஒரு செத்த டோக்கனைக் கண்டுபிடிச்சேன்’ என்று இன்றைக்கும் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது உன் சொல். பிழை வெடிக்கும் இடம் வேறு, பிழை செய்த இடம் வேறு என்று அந்த வயதில் வாயில் பற்பசையோடு சொன்னவன் நீ.

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன். கிணற்று நீர்மட்டம் குறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவியை உங்கள் நிறுவனம் செய்கிறது. ஆற்றுக்குள் உறைகிணறு வைத்திருக்கும் ஊர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறீர்கள். கருவி நீர்மட்டத்தை அளந்து, நினைவகத்தில் ஓர் இடம் கேட்டு வாங்கி, அதில் எழுதி வைக்கிறது. நீ எழுதிய ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரு பகுதி, அதை எடுத்து அலுவலகக் கணினிக்கு அனுப்புகிறது. அதன் பிறகு இசக்கி எழுதிய வரி அதே இடத்தைப் படித்துப் பார்த்து மோட்டாரை நிறுத்துவதா ஓடவிடுவதா என்று முடிவு செய்கிறது. அந்த இடத்தை யாரும் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததால் நினைவகம் நிரம்பி, கருவிகள் சில நாளில் உறைந்து நின்றன. ஓடிய பேருந்து முழுக்கத் துண்டு. இசக்கி உன்னிடம் கேட்டிருக்கிறாள்: “அண்ணே, இந்த இடத்தை யாரு திருப்பிக் குடுக்கணும், நானா நீங்களா?” நீ சொன்ன பதில், “நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டாய். உன் ஃபங்ஷனின் கடைசியில், அனுப்பி முடித்ததும் இடத்தை விடுவிக்க ஒரு வரி சேர்த்தாய். கசிவு நின்றது. உன்னைப் பாராட்டினார்கள். அவளிடம் சொல்லவில்லை. இனி இந்த இடம் திரும்பி வராது என்று அந்த ஃபங்ஷனின் தலையில் ஒரு குறிப்பு எழுதவில்லை. வண்டியை வெளியே அனுப்பினாய், டோக்கனை வாங்காமல் விட்டாய். அவள் வழக்கம்போல அதை வைத்துக்கொண்டு அங்கேயே போய்ப் படித்தாள். அலுவலக மேசையில் சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லை, ஆகாது. காலி செய்த இடத்தில் வேறொருவர் வந்து உட்காரும் வரை பழைய எண் அப்படியேதான் கிடக்கும். இதுதான் இந்தப் பிழையின் கள்ளத்தனம் என்று வகுப்பில் தொண்டை கட்டும்வரை சொல்லியிருக்கிறேன். உறைகிணற்றுக்குப் போனதும், கருவியில் இருந்த சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லி ஒரு விளம்பரக் குறுஞ்செய்தி வந்தது. அது அந்த இடத்தில் உட்கார்ந்தது. அதன் எழுத்துகளை நீர்மட்டம் என்று கருவி படித்தது. கிணறு நிறைந்து கிடக்கிறது என்று நம்பி, வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டி எரித்தது. ஓர் ஊர் மொத்தமும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் ஊற்றுத் தோண்ட இறங்கியது.

அதன் பிறகு உன்னை அறிக்கை எழுதச் சொன்னார்கள். நீ எழுதினாய்: ‘விடுவிக்கப்பட்ட நினைவகத்தை இசக்கி எழுதிய வரி பயன்படுத்தியிருக்கிறது.’ இதைவிடப் பச்சையாகப் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ‘விடுவிக்கப்பட்ட’ என்று எழுதியவன், விடுவித்தது யார் என்று எழுதவில்லை. நினைவகம் தானாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதா? உன் மேலதிகாரிகள் கடைசியில் தடுக்கி விழுந்த வரியைப் பார்ப்பார்கள், அதற்கு மேலே போகமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். வண்டி யார் வாசலில் நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஸ்டாண்டுகார அண்ணாச்சி அன்றைக்குப் பேசிய பேச்சை இன்றைக்கு நீ ஆங்கிலத்தில், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய். அவருக்காவது என்ன நடந்தது என்று அப்போது விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கிறது.

முடிவு தெரியும் வரை விடுப்பில் இரு என்று அவளை அனுப்பிவிட்டீர்கள். நேற்று கல்லிடைக்குறிச்சியிலிருந்து பேருந்து ஏறி என்னைப் பார்க்க வந்தாள். உங்கள் நிரல் எதையும் கொண்டுவரவில்லை, அதில் அவள் சுத்தம். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் சொல்லிக்கொடுத்த மாதிரி கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு வரைந்து காட்டினாள். “டீச்சர், உங்க மவன்கிட்ட எனக்காகப் பேசுங்கன்னு கேக்க வரல. நான் போட்ட படம் சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க. தப்புன்னா எனக்கு இந்த வேலை தெரியலன்னு அர்த்தம், நான் ஒத்துக்கிட்டுப் போயிருதேன்.” பார்த்தேன். சரியாக இருந்தது. பரீட்சைத்தாளில் போடுவதுபோல் சரி என்று குறி போட்டுக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை மடித்துக்கொண்டே, “அது செத்த டோக்கன்னு எனக்கு யாரும் சொல்லல, டீச்சர்” என்றாள். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் அப்பா உன் பக்கம். அவள் போனதும், “ஏட்டி, அவனுக்கு லீடராப் போடுத நேரம். நீ எதுக்கு ஊடால நொழையுத? அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்காமலா போவும்?” என்றார். உங்கள் கடையில் வேலை பார்க்கிற பையனை நீங்கள் தப்பான டப்பாவைக் காட்டி அனுப்பிவிட்டு, வாங்கினவர் சண்டைக்கு வந்தால் பையனைக் காட்டிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். “அது வேற” என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்கு, சாப்பாடு போடுகிறாயா இல்லையா என்றார். அவருக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்காது. பயிற்சிக் காலத்திலேயே அனுப்பப்பட்டவள், காரணம் நினைவகப் பிழை என்று எழுத்தில் இருந்தால், சி மொழியில் வேலை கொடுக்கிற எந்த இடத்திலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். செய்யாத பிழையை அவள் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறாய். அவள் எங்கே போனாலும் அது கூடவே வரும். அதை விடுவிக்க அவளால் முடியாது. நீ எழுதியதை நீதான் விடுவிக்க முடியும்.

கட்டுரை என்று சொல்லிவிட்டதால் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பாடத்தை முடித்துவிடுகிறேன். இடத்தைக் கேட்டு வாங்கும்போதே அதை யார் திருப்பிக் கொடுப்பது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள், பேசியதை எழுதி வையுங்கள். உங்களுக்குக் கீழே இருக்கிறவர் கேட்டால் ‘பாத்துக்கிடுதேன்’ என்று சொல்லாதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். விடுவித்ததும் கையில் இருக்கும் சுட்டியில் சுழியத்தை, அதாவது எந்த இடத்தையும் காட்டாத எண்ணை, வையுங்கள். வேறு யார் கையில் அதன் படி இருக்கிறது என்று தேடிப்போய்ச் சொல்லுங்கள். சுழியம் வைத்த சுட்டியைத் தொட்டால் நிரல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழும், விழுந்த இடத்தில் பிழையைப் பிடித்துவிடலாம். செத்த டோக்கன் விழாது. வேறொருவர் வண்டியில் ஏற்றிவிட்டு, வீடு வரை சிரித்துக்கொண்டே போகவிடும்.

உனக்கு மட்டும் இன்னும் ஒன்று. லீடர் பதவி வேண்டுமானால் வாங்கிக்கொள், எனக்கு அதில் சந்தோஷம்தான். இந்தப் பிள்ளையை மிதித்து ஏறி வாங்கியதாக இருந்தால், அந்தச் செய்தியைச் சொல்ல எனக்குப் போன் செய்யாதே. உன் அப்பாவிடம் சொல், அவர் இனிப்பு வாங்கிக் கொடுப்பார். நான் சாப்பிடமாட்டேன். சுட்டி என்பதை நீ என்னிடம் படித்தாயா, சும்மா வார்த்தையாக வைத்திருந்தாயா என்று திங்கட்கிழமை தெரிந்துவிடும். அறிக்கையில் நீ கையை நீட்டி அவளைக் காட்டியிருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் அவளும் இருப்பாள். நாளைக்கு ராத்திரி ரயிலில் கிளம்புகிறாள், டிக்கெட் எடுத்துவிட்டாள். அவள் எதிரில், அவர்கள் எல்லோர் எதிரிலும் எழுந்து நில். நீட்டிய கையை மடக்கு. சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று செய்தாயே, அதேபோல் உன் நெஞ்சில் வைத்துச் சொல்: அங்கன இல்ல, இங்கன.

உன் அம்மா